ஏழாம் அறையின் நீளம்

முதல் தடவை அளந்தபோது ஏழாம் அறையின் நீளம் ஒன்பது அடி. லோகப்பிரியா அதைக் குறித்துக்கொண்டு, சரிபார்க்க லேசர் கருவியை வாசல் நிலையில் வைத்து மறுபடி அழுத்தினாள். ஏழரை அடி என்று காட்டியது. அறைக்குள் ஒரு சாமான்கூட இல்லை. ஆனாலும் லேசரின் சிவப்புப் புள்ளி எதிர்ச்சுவரில் விழவில்லை.

பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பிற்பகல் மூன்று மணிதான். தொண்டாமுத்தூர்த் தோப்புகளின் மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

தொண்ணூறு வருடத்துக்கு முன் கட்டிய மனநோய் ஆஸ்பத்திரி அது. மூடி முப்பத்தேழு வருடமாகிறது. வாங்கியிருக்கும் மதன்குமார் அதை ஹோட்டலாக்கப் போகிறார். பாரம்பரியக் கட்டடம் என்று சான்று வாங்க, கட்டடக் கலைஞரான அவளுடைய அறிக்கை வேண்டும். "மேடம், ஆஸ்பத்திரின்னு எங்கயும் போட்டுறாதீங்க. தொரைமாரு பங்களான்னு எழுதுங்க" என்று காலையில் போனில் சொல்லியிருந்தார். அப்போது பற்றிய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கட்டடம் அழகாகத்தான் இருந்தது. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய கூரை, இரண்டடிச் சுண்ணாம்புச் சுவர், உச்சி வெயிலிலும் குளிர்ந்து கிடக்கும் நீண்ட நடைகூடம். கட்டியவன் கெட்டிக்காரன். பத்தடி உயரத்தில் ஜன்னல் வைத்திருந்தான். வெளிச்சம் வரும், வெளியே பார்க்க முடியாது. ஒவ்வொரு அறையின் தரையும் வாசலை நோக்கி மெல்லச் சரிந்திருந்தது. உள்ளே போகாமலே வாளித் தண்ணீரை வீசி ஒரு மனுஷியைக் கழுவிவிடலாம். அதை வரைபடத்தில் குறிக்கும்போது அவளுடைய பென்சில் முனை ஒடிந்தது.

மறுபடி அளந்தாள். ஆறு அடி. ஊறிப்போன கூந்தலின் வாடை, சிக்குப் பிடித்த தேங்காயெண்ணெயின் வாடை, அறையிலிருந்து மெல்ல அவள் முகத்துக்கு வந்தது.

காவல்காரர் திருமலைசாமி நடைகூடத்தில் நின்றிருந்தார். ஒரு காலத்தில் இங்கேயே வார்டு உதவியாளராக இருந்தவர். காலையிலிருந்து எல்லா அறைக்கும் கூடவே வந்தவர், இந்த வாசலை மட்டும் தாண்டவில்லை. இங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டாள்.

நாலு பெண்கள் என்றார். ஒருத்தி, பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்றவள். ஒருத்தி, தன் பங்கு நிலத்தை அண்ணன் பேருக்கு எழுதித்தர மறுத்தவள். மற்ற இருவரை வீட்டார் எதற்காக விட்டுப்போனார்கள் என்று அவருக்கு ஞாபகமில்லை. ஆஸ்பத்திரியை மூடிய அன்று, கொண்டுபோக வேண்டியவர்களின் பட்டியலில் அந்த நாலு பேர் இல்லை.

"வண்டி இன்னொரு நடை வரும்னாங்க. வர்லீங்க."

"கதவு?"

"நாந்தான் தாப்பாப் போட்டுப்போட்டுப் போனனுங்க. தொறக்கச் சொல்லி ஆரும் சொல்லலீங்க."

பன்னிரண்டாம் நாள் வந்து பார்த்ததாகவும், நாலு பேரையும் தோப்பில் புதைத்ததாகவும், யாரும் விசாரிக்கவில்லை என்றும் சொன்னார். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்ததைச் சொல்வது மாதிரியான குரல். அவளுக்குக் காதுமடல் வரை சுட்டது.

"தொறக்கறதுக்கு உங்களுக்கு ஒருத்தர் சொல்லோணுமா?"

அவர் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"உள்ள போய் நில்லுங்க. அங்க நின்னுட்டு இதையே சொல்லுங்க."

இத்தனை நேரம் தாண்டாதவர், சொன்னதும் போனார். சொன்னதைச் செய்தே பழகிய ஆள். நடு அறையில் கைகட்டி நின்றார். அவர் பின்னால் சுவரோரம் நிழல் திரண்டிருந்தது. மழை இருட்டாக இருக்கலாம்.

கதவு மூடியது.

அவள் தொடவில்லை. காற்றும் இல்லை. கண்ணெதிரே, துருப்பிடித்த தாழ்ப்பாள் அங்குலம் அங்குலமாக நகர்ந்து குழிக்குள் இறங்கியது.

"அம்மணி, தொறங்க."

மரியாதையான குரல். பிறகு கதவில் ஒரு தட்டல். பிறகு பல தட்டல்கள். இரண்டு கைகளால் தட்ட முடியாத அளவு.

தாழ்ப்பாள் அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது. ஒரே இழுப்பு போதும். கை எழவில்லை. பயமென்று சொல்லிக்கொண்டாள். பயம் மட்டுமல்ல.

தட்டல் நின்றது.

கதவின் அடியில், சோற்றுத் தட்டு தள்ளுவதற்கு விட்டிருந்த சந்து வழியாக, அவருடைய கை வெளியே வந்தது. விரல்கள் தரையைப் பிறாண்டின. அவள் குனிந்தாள்.

இன்னொரு கை வந்தது. எலும்பாக மெலிந்தது. நகங்கள் தேய்ந்து சதையோடு போயிருந்தன. அது அவசரப்படவில்லை. அவர் மணிக்கட்டை, குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல் பிடித்து, உள்ளே எடுத்துக்கொண்டது.