கொக்கேரிக்குப் போன பதினொரு பேர்

தை அமாவாசையன்று காலையில் காக்கை சோற்றைத் தொடவில்லை.

வடிவு மதில்மேல் வாழையிலைத் துண்டை விரித்து, தயிர்ச்சோற்றை உருண்டை பிடித்து வைத்து, பக்கத்தில் ஒரு துண்டு வெல்லமும் வைத்து, தொண்டை வறளக் கூப்பிட்டாள். பிள்ளையார்பாளையத்தில் காக்கைக்குப் பஞ்சமில்லை. அமாவாசை நெசவாளிகளுக்கு விடுமுறை என்பதால் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. அந்த அமைதியில் மற்ற வீட்டுப் பெண்கள் "கா... கா..." என்று கூப்பிடுவதும், காக்கைகள் சடசடவென்று இறங்கிக் கொத்துவதும் தெளிவாகக் கேட்டன. அவள் வீட்டு மதிலுக்கும் ஒன்று வந்தது. இலையைச் சுற்றித் தத்தித் தத்தி நடந்தது. கழுத்தைச் சாய்த்துச் சோற்றைப் பார்த்தது. பிறகு வடிவைப் பார்த்தது. பார்வையை எடுக்காமலே பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து மதிலின் கோடி வரைக்கும் போய், அங்கிருந்து பறந்துவிட்டது.

"இன்னா, இன்னுமா எடுக்கல?" உள்ளேயிருந்து புருஷன் காசிநாதன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். "வேன் வந்துடும் வடிவு. அப்படியே இலையோட கட்டி எடுத்துக்கோ. ஏரியில லட்சம் பட்சி இருக்குதாம். ஒண்ணாவது துன்னாதா?"

படைத்த சோற்றைக் காக்கை தொடாமல் வேறு இடத்துக்குத் தூக்கிப் போகக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் ஒரு வருடமாக அவன் சொன்ன எதையும் அவள் மறுத்ததில்லை; அவள் செய்த எதையும் அவன் கேட்டதில்லை. கேட்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று இரண்டு பேருக்குமே பயம்.

போன தையில் மூத்தவள் தில்லை தொண்டை அடைப்பான் வந்து செத்துப்போனாள். எட்டு வயது. கடைசி ராத்திரி, "பசிக்குதும்மா, ஒரு வாய் தயிர்ச்சோறு" என்று கரகரத்த குரலில் கேட்டுக்கொண்டே இருந்தாள். எதுவும் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "விடியட்டும் கண்ணு, தரேன்" என்றாள் வடிவு. விடிவதற்குள் முடிந்துவிட்டது. அவளுக்கென்று காசிநாதன் நெய்து வைத்திருந்த அரக்குப் பட்டுப் பாவாடையைக் கட்டி, ரெட்டைப் பின்னலில் ரிப்பன் வைத்துத்தான் அனுப்பினார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தப் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மீதி இருந்தவள் ஜெயா. ஏழு வயது. இவளையாவது விட்டு வை என்று வேண்டிக்கொண்டு, பத்து நாளைக்கு முன்னால்தான் திருத்தணியில் மொட்டை போட்டிருந்தார்கள்.

வேனில் மொத்தம் பதினொரு பேர். தெருவே சேர்ந்து பிடித்த வேன். உத்திரமேரூரைத் தாண்டிக் கொக்கேரியில் சாயங்காலம் பறவைகள் அடையும் அழகைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள் என்று யாரோ சொல்லி, மூன்று மாதமாகப் பேசிப் பேசி, எல்லாருக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைப்பது அமாவாசையன்றுதான் என்பதால் அன்றைக்கே கிளம்பியிருந்தார்கள். ஜெயா வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். அவள் குரல் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினது போல் இருக்கும்.

"மொட்டை மண்டையப் பாத்து கொக்கு வந்து முட்டை வெச்சிடப் போவுதுடி" என்றாள் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள்.

"வெச்சா பொரிச்சு உனக்கு ஒரு குஞ்சு தரேன் பெரிம்மா. நீயே வளத்துக்கோ."

வேன் முழுக்கச் சிரித்தது. வடிவும் சிரித்தாள். மடியில் இலைப்பொட்டலம் கனத்தது. தயிர் புளித்த வாசனை மெல்ல எழுந்தது.

வழியில் கோயில், சாப்பாடு என்று பகலைக் கழித்துவிட்டு, பொழுது சாயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஏரிக்கரையில் காக்கிச்சட்டை போட்ட ஒருவர் கழுத்தில் பைனாகுலரோடு காத்திருந்தார். தணிகாசலம் என்று பேர். அந்த ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும். பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவது அவர் வேலை. வேன் ஆட்களைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது.

"அமாவாசையும் அதுவுமா வந்துக்கினு இருக்கீங்களே. இன்னைக்குப் பொழுது சாயறப்ப எங்க ஊர்க்காரங்களே கரை ஏற மாட்டாங்க. வேற நாளே கெடைக்கலியாபா?"

"எங்களுக்கு அமாவாசைதான் லீவு" என்றான் காசிநாதன். "மத்த நாளெல்லாம் தறிக்குழியில காலைத் தொங்கப் போட்டுக்கினு குந்தியிருப்போம். இவ்ளோ தூரம் வந்துட்டோம், காட்டிடு தலைவரே."

தணிகாசலம் மேற்கே சூரியனை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒவ்வொரு தலையாக விரலை நீட்டி எண்ணினார். "பதினொண்ணு. திரும்பும்போதும் பதினொண்ணு இருக்கணும். மேல எச்சம் வுழும், எல்லாரும் தலையில துணி போட்டுக்கோங்க. இன்னொண்ணு. இருட்டிக்கினு வரும்போது யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்புடாதீங்க. ஆள் வேணும்னா கையைத் தட்டுங்க."

"பேர் சொன்னா இன்னா ஆவும்?" பொன்னியம்மாள் கேட்டாள்.

"பறவை கலைஞ்சுடும்மா" என்றார் அவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

ஜெயா உடனே இரண்டு கையையும் தட்டிக் காட்டினாள். "இப்டியா மாமா?"

"ஆமா கண்ணு. அப்டியேதான்."

வடிவு அவள் தலையில் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

கரைமேல் ஒற்றையடிப் பாதை. இடது பக்கம் வயல், வலது பக்கம் தண்ணீர். தண்ணீருக்குள்ளேயே இடுப்பளவில் நின்ற மரங்கள் பல வருடத்து எச்சத்தில் சுண்ணாம்பு பூசினது போல் வெளுத்திருந்தன. மீன் கவிச்சியும், பாசியும், ஈர இறகின் புழுங்கல் நாற்றமும் சேர்ந்து மூக்கில் ஏறின. மேற்கே வெளிச்சம் சாயத்தொட்டியில் கலக்கின மாதிரி சிவந்து இறங்க, அதைக் கிழித்துக்கொண்டு பறவைகள் வந்தன. முதலில் பத்து, இருபது. பிறகு வரிசை வரிசையாக, வானமே நகர்ந்து வருவது போல. சிறகுச் சத்தம் தலைக்கு மேல் பட்டுத்துணியை உதறுவது போல் விட்டு விட்டு அடித்தது. கூடுகளிலிருந்து குஞ்சுகள் கத்திய கத்தலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சுகூடக் கேட்கவில்லை.

"எத்தினி ஆயிரம் வந்தாலும் ஒண்ணுகூட கூடு மாறி எறங்காது" என்று தணிகாசலம் சத்தமாகச் சொன்னார். "குஞ்சு கூப்புடற குரல் தாய்க்குத் தெரியும். எந்த இருட்டுலயும் தெரியும்."

மற்றவர்கள் பைனாகுலருக்கு முண்டியடித்தார்கள். வடிவு பின்தங்கினாள்.

கொஞ்சம் தள்ளித் தண்ணீருக்குள் இறங்கும் நாலு படிகள் இருந்தன. கடைசிப் படியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்த ஜெயா, கரையோரம் கிடந்த ஒரு நீள இறகைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, அத எடுத்துக்கினு வரேன்."

"கிட்டயே இரு."

ஜெயா குனிந்து ஓடினாள். துண்டு நழுவிப் படியில் விழுந்தது. அந்த இறகை எடுத்தவள் அதைவிட நீளமாக இன்னொன்றைப் பார்த்து, புதருக்கு அந்தப் பக்கம் போனாள்.

வடிவு இலையை ஈரக் கல்லில் வைத்தாள். "கா... கா..." என்றாள். லட்சம் பறவை இருந்த அந்த ஏரியில் ஒரு காக்கை இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள். குரல் தண்ணீர்மேல் போய் எங்கோ நின்றது. காலையில் மதிலில் நடந்ததுதான் இங்கேயும். யாருக்கும் வேண்டாத சோறு. ஒரு வாய்க்காக ராத்திரி முழுக்க அழுத குழந்தைக்குக் கொடுக்காத சோறு. ஒரு வருடமாக நெஞ்சில் கல்லாகக் கிடந்தது அப்போது புரண்டது. அவள் தண்ணீரைப் பார்த்துக் கெஞ்சுகிற குரலில், ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள்.

"தில்லை."

குஞ்சுகளின் சத்தம் நின்றது.

ஒன்றிரண்டாக அடங்கவில்லை. மொத்தமாக நின்றது. மரங்களில் எல்லாப் பறவையும் அப்படியே இருந்தன. எல்லா அலகும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. அவளை நோக்கி. காற்றில்லை. ஆனால் நடு ஏரியிலிருந்து ஒரு சின்ன அலை கிளம்பி, அவசரமே இல்லாமல், படியை நோக்கி வந்தது. கல்லைத் தொட்டது. இலையின் மேல் ஏறி இறங்கியது.

இலை காலியாக இருந்தது. ஒரு பருக்கை இல்லை. நக்கித் துடைத்தது போல.

கரைமேலிருந்து தணிகாசலம் கை தட்டினார். பலமாக, விடாமல். கிளம்பச் சொல்லும் தட்டல். குஞ்சுகள் மறுபடியும் கத்தத் தொடங்கின. வடிவு எழுந்தாள். இருட்டு கண்ணுக்கெட்டிய தூரத்தைச் சுருக்கிக்கொண்டு வந்தது. வலது உள்ளங்கைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது.

"தண்ணியில கைய விட்டியா? ஜில்லுனு இருக்குதே" என்றாள். படியில் கிடந்த துண்டை எடுத்து, பக்கத்தில் நின்ற தலையில் போர்த்தி முகத்தோடு மூடினாள். "வா, வா. மாமா கூப்புடறாரு."

இறகு கிடைத்ததா என்று கேட்டாள். பதில் இல்லை. வரும்போது அத்தனை பேசினவள் போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. களைத்துவிட்டாள் என்று வடிவு நினைத்தாள். அப்படி நினைக்க விரும்பினாள். பாதையில் வடிவின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

வேன் கதவண்டை தணிகாசலம் நின்று எண்ணினார். ஏறுகிற ஒவ்வொரு தலையையும் தொடாமல் தொட்டு எண்ணினார். வடிவும் குழந்தையும் கடைசி.

"பத்து. பதினொண்ணு." பெருமூச்சு விட்டார். "சரியா இருக்குது. எடுங்கபா, வண்டிய எடுங்க. நிக்காதீங்க."

முன்னால் உட்கார்ந்திருந்த காசிநாதன் திரும்பி, "பாப்பா தூங்கிட்டாளா?" என்றான்.

"ம்" என்றாள் வடிவு.

பின்சீட்டில் ஜன்னலோரம் இருட்டு. குழந்தை மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது. கனத்தது. ஜெயாவைவிடக் கனம். நனைந்த துணியின் கனம். பாசி வாசனையும், அதற்கு அடியில் மஞ்சளும் ஊதுவத்தியும் கலந்த ஒரு வாசனையும் வந்தன. ஒரு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு நாள் அந்த வீட்டில் இருந்த வாசனை. வடிவு பாவாடையைப் பிழிந்துவிடலாம் என்று கையை வைத்தாள்.

ஜெயா காலையில் கட்டினது பச்சைச் சீட்டிப் பாவாடை.

விரலுக்குக் கீழே இருந்தது பட்டு.

இழை சுற்றிச் சுற்றிப் பழகின விரல் அது. கண் வேண்டாம். பாவாடைக் கரையின் அகலம் தெரியும். சரிகை ஓடின இடம் தெரியும். ஓரத்தில் ஓர் இழை அறுந்து காசிநாதன் முடிச்சுப் போட்ட இடம்கூடத் தெரியும். அந்த முடிச்சு அங்கே இருந்தது.

கை நகர்ந்தது. துண்டுக்குள் போனது. மொட்டைத் தலையின் சொரசொரப்பைத் தேடியது.

பின்னல். ஈரமான பின்னல். நுனியில் ரிப்பன்.

இன்னொரு பின்னல்.

வேன் உறுமி நகர்ந்தது. வடிவு ஜன்னல் பக்கம் திரும்பினாள். கரைமேல், மேற்கே மிச்சமிருந்த கடைசிச் சிவப்பில், ஒரு சின்ன உருவம் ஓடி வந்துகொண்டிருந்தது. பச்சைப் பாவாடை. துணி இல்லாத தலை, அந்தக் கொஞ்ச வெளிச்சத்திலும் மழுமழுவென்று மின்னியது. கக்கத்தில் ஒரு கத்தை இறகு.

அது கத்தவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்தது.

கை தட்டியது.

டப். டப். டப்.

வண்டியை நிறுத்துங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். முன்னால் புருஷன் இருந்தான். பக்கத்தில் பொன்னியம்மாள் இருந்தாள். ஒரு கூச்சல் போட்டால் போதும். வடிவு வாயைத் திறந்தாள்.

மடியில் இருந்தது அசைந்தது. துண்டு விலகியது. சில்லென்ற ஒரு கை அவள் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியது.

"பசிக்குதும்மா" என்றது, கரகரத்த குரலில். "விடிஞ்சுடுச்சா?"

டப். டப்.

தூரத்தில். இன்னும் தூரத்தில்.

வடிவு வாயை மூடினாள். கண்ணீர் மட்டும் சத்தமில்லாமல் இறங்கி அந்தப் பின்னல்மேல் சொட்டியது. ஜன்னல் வழியே குளிர்காற்று அடித்தது. அவள் முந்தானையை இழுத்து, மடியில் இருந்த தலையைக் காற்றுப் படாமல் மூடினாள்.