கற்குவையில் ஒரு சீழ்க்கை

தெர்சாவும் மூடுபனியும் சேர்ந்தே வாசலுக்கு வந்தார்கள். ஓய்வுபெற்ற ஏட்டு ஹன்னஃபர்ட், அவளை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஏட்டய்யா, ஆட்டைத் தேடிப் போன என் வீட்டுக்காரர் ரெண்டு நாளா வரலை. மேட்டுக் கற்குவையில இருக்கற செத்தவன் கொண்டுபோயிட்டான்றாங்க."

இங்கிலாந்தின் டார்ட்மூர் பொட்டலில், யாரையோ புதைத்து மேலே கல் குவித்த அந்தக் கற்குவைக்கு வயது நாலாயிரம். கடந்து போகிறவர்கள் ஆளுக்கொரு கல் வைத்தாக வேண்டும். வைக்காதவர்களுக்கு என்ன ஆனது என்று சொல்ல அவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை.

"நேத்து ஊர்க்காரங்களோட நானும் தேடப் போனேன்," என்றாள் முன்பே வந்து அடுப்போரம் உட்கார்ந்திருந்த தபால்காரி பெஸ்ஸி. துப்பறியும் வேலையென்றால் கடிதப் பையையே மறந்துவிடுவாள். "உள்ளேயிருந்து விசில் கேட்டுச்சு. நாப்பது பேரும் எட்ட நின்னு கல்லை வீசிட்டு ஒரே ஓட்டம். சத்தம் அடங்கிருச்சு. இவ வீட்டுக்காரர் ஏமஸோட நாய் டெஸ் மட்டும் பயத்துல அங்கேயே படுத்துருச்சு."

"பயந்த நாய் ஓடுமா, படுக்குமா?" என்றார் ஹன்னஃபர்ட்.

மூவரும் மேடேறினார்கள். பனிக்குள் கற்குவை மூச்சு விடுவதுபோல் தெரிந்தது. டெஸ் வயிறு தரையில் ஒட்ட, காது விறைக்க, கல்லையே பார்த்துக் கிடந்தது.

"ஆட்டை மடக்கறப்போ இப்படித்தானே படுக்கும்?"

"ஆமாங்கய்யா," என்றாள் தெர்சா. "அவரு விசிலடிச்சாத்தான். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் படுக்காது."

"பெஸ்ஸி, உச்சியைப் பாரு. மத்த கல்லுக்கெல்லாம் பாசி மேல்பக்கம். அங்க மட்டும் மண் ஒட்டின பக்கம் மேலே. புதையல் தேடினவன் தோண்டின குழி ஒண்ணு இருந்துச்சே, எங்கே?"

பெஸ்ஸிக்கு முகம் வெளுத்தது. "ஐயோ... நாங்களே மூடிட்டோமா?"

"செத்தவனை அடக்கறதா நினைச்சு, உசிரோட இருக்கறவனை."

தெர்சா அதற்குள் கற்களைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தாள். சாய்ந்த பலகைக் கல்லின் அடியில் ஏமஸ் கிடந்தான். கால் முறிந்து, உதடு கிழிந்து, உயிரோடு. அவனை ஓர் அறை விட்டுவிட்டுக் கட்டிக்கொண்டாள்.

"உன் விசில்தான்யா உன்னைக் காப்பாத்துச்சு!" என்றாள் பெஸ்ஸி.

ஏமஸ் வாயைத் திறந்து காட்டினான். முன்பற்கள் நான்கும் இல்லை.

"விழுந்ததுமே போச்சு. நான் எங்க அடிக்கிறது? எனக்குப் பின்னாடி யாரோ விசிலடிச்சாங்க. நீங்கன்னு நினைச்சேன்."

டெஸ் இன்னும் எழுந்திருக்கவில்லை; கண் கற்குவை மேலேயே இருந்தது.

ஹன்னஃபர்ட் தொண்டையைச் செருமினார். பிறகு நல்ல கல்லாக ஒன்று பொறுக்கி, பாசிப் பக்கம் மேலே இருக்கும்படி, மிகுந்த மரியாதையோடு குவையின் மேல் வைத்தார்.