குளிர்ந்து கிடந்த புகைக்குழாய்

கீழே பாய்லரில் கரி கனன்று தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த அதன் புகைக்குழாயோ குளிர்ந்து கிடந்தது. ஏணியில் நின்றபடி இன்னாசிராஜ் அதை மறுபடியும் தொட்டுப் பார்த்தார். மூடுபனி படிந்த ஈரம்தான் விரலில் ஒட்டியது.

மாநிலம் பிரிந்த வருஷத்து ஐப்பசி அது. கம்பம்மெட்டுக்குப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் அவர் ஃபிட்டர். பங்களாவுக்குப் புதிதாக வந்த துரைசாணிக்குக் குளிக்கும்போதெல்லாம் தலை கிறுகிறுக்கிறதாம். துரையும் அவளும் குமுளிக்குப் போயிருந்த பிற்பகலில் பாய்லர் குழாயைப் பார்த்துவிடச் சொல்லி ஆபீசில் அனுப்பியிருந்தார்கள். வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த பங்களாவில் ஆயாவாக இருந்த அவருடைய ஒரே மகள் சந்தனமேரி, போன ஆடி மழையில், குளியலறையை ஒட்டிய சின்ன அறையில் படுத்தவள், எழுந்திருக்கவேயில்லை. மாரடைப்பு என்றார் டிஸ்பென்சரிக்காரர். பெட்டிக்குள் வைத்தபோதும் அவள் கன்னங்கள் செக்கச்செவேலென்று இருந்தன. கல்யாணப்பெண் மாதிரி கிடக்கிறாளே என்று லயத்து வீடுகளிலிருந்து வந்த கூலிப் பெண்கள் மாரடித்து அழுதார்கள்.

"அண்ணாச்சி, தீ நல்லாத்தான புடிச்சிருக்கு?" கீழிருந்து பங்களாவில் சமைக்கும் குசினிக்காரர் பெரியமுத்து கேட்டார்.

"தீயில ஒண்ணுமில்ல. புகைதான் வெளிய வரல."

"பின்ன எங்க போவுது?"

இன்னாசிராஜ் இறங்கி, நடையில் ஏணியைச் சாத்தி, ஓட்டுக்கும் அறைகளின் பலகைக் கூரைக்கும் நடுவிலிருந்த மச்சுக்குள் ஏறினார்.

வௌவால் எச்சமும் நனைந்த மரமும் நாறிய அந்த இருட்டில், ஓட்டு இடுக்குகள் வழியே பனி நூல்நூலாக உள்ளே இறங்கிக்கொண்டிருக்க, எங்கோ பல்லி ஒன்று சொல்லி நிறுத்த, அவர் முழங்காலால் பலகைபலகையாக நகர்ந்துபோனார். முகத்தில் வெப்பம் அடித்தது. வாசனையே இல்லாத வெப்பம். பேட்டரி லைட்டை அடித்தார். பாய்லரிலிருந்து ஏறிவந்த குழாய் வளைந்து, வாயைப் பிளந்தபடி நின்றது. கூரைக் குழாய் அதற்கு ஒரு முழம் தள்ளித் தனியாகத் தொங்கியது. இரண்டிலும் ஆணி அடித்த தடமில்லை. பூட்டியவர்கள் அவற்றை இணைக்கவே இல்லை.

எரிந்த கரியின் நச்சுக்காற்றெல்லாம் மாதக்கணக்காக இந்த மச்சில் நிறைந்து, பலகைச் சந்து வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது. கீழே எந்த அறை என்று அவருக்குத் தெரியும்.

மாரடைப்பு இல்லை. கன்னத்தைச் சிவக்க வைத்ததும் அந்த நச்சுதான்.

"மேரி…" என்றார்.

பலகைச் சந்தில் கண்ணை வைத்தார். மங்கல் வெளிச்சம். கட்டிலின் கால்மாடு. போர்வைக்கு வெளியே பாதங்கள்.

நான்கு.

"பெரியமுத்து! அந்த ரூம்புல யாரு?"

"புது ஆயா ஞானப்பூ. தலைவலின்னு கதவச் சாத்திப் படுத்திருக்கா."

"கூட யாரு?"

"ஒத்தையிலதான் அண்ணாச்சி."

எப்படி இறங்கினார் என்பது நினைவில்லை. கதவை உதைத்துத் திறந்தார். கட்டிலில் ஒரு பெண்தான் இருந்தாள். சுவரோரமாக, இன்னொருத்திக்கு இடம் விட்டதுபோல ஒடுங்கிக் கிடந்தாள். கன்னங்கள் சிவந்திருந்தன. அவளை வாரி எடுத்து வெளியே புல்லில் கிடத்தி உலுக்கினார். வெகுநேரம் கழித்து அவள் இருமினாள். மூச்சு வந்தது.

"டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டு ஓடு," என்றார். பெரியமுத்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டார்.

ஞானப்பூ கண்ணைத் திறக்காமலே முனகினாள். "அந்தக்கா… உள்ளயே கெடக்காக. அவுகளயும் எழுப்புங்க."

பனி அவர்கள் இருவரையும் விழுங்கியது.

பாய்லர் தீயை வாரிக் கொட்டிவிட வேண்டும். அதற்குத்தான் உள்ளே போனார். அந்த அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். தலை கனத்தது. கால் பின்னியது.

கட்டிலில் மேரி இருந்தாள்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பெட்டியில் வைத்த அதே வெள்ளைப் புடவை. ஓரத்தில் செம்மண். மெதுவாகத் திரும்பினாள். கன்னம் சிவப்பு. கண் மூடியே இருந்தது. நகர்ந்து இடம் விட்டாள்.

"அப்பா. குளுருது. கதவச் சாத்துங்க."

அவருக்குத் தெரியும். மேலே என்ன நிறைகிறது என்று தெரியும். நடையில் கரி வெடிக்கும் சத்தம் கேட்டது. நாலு எட்டு வைத்தால் வெளிவாசல். அவளுடைய கை நீண்டு அவர் விரலைப் பிடித்தது. மண் ஒட்டிய கை. சின்னப் பிள்ளையாகத் தோட்டத்துப் பாதையில் பிடித்து நடந்த அதே பிடி.

"சாத்துறேன் தாயி," என்றார் இன்னாசிராஜ்.

மறுகையால் கதவை உள்ளிருந்தே தள்ளிச் சாத்தினார்.