நாற்பத்து மூன்றாவது நிமிடம்

மென்பொருளில் படத்தின் நீளம் நாற்பத்திரண்டு நிமிடம். பர்ன் செய்து எடுத்த டிஸ்க்கில் நாற்பத்து மூன்று.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது மூன்றாவது ப்ளூ-ரே. முதலாவது தொண்ணூற்றொன்பது சதவீதம் வரை ஆசை காட்டிவிட்டுப் ‘பிழை’ என்று கையை விரித்தது. இரண்டாவதில் உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்.

“ஆச்சாடா?” ஹாலிலிருந்து அம்மா கேட்டாள்.

“இதோம்மா, அஞ்சு நிமிஷம்.”

“காலையிலேர்ந்து அதே அஞ்சு நிமிஷம்தான்!”

நாளை அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. ஒரு கண் போயே விட்டது, மற்றதற்கும் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் கையைக் கழுவிவிட்டார். அதற்குள் மகளைப் பெரிய டீவியில் கண்ணாரப் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். தங்கை கடலில் மூழ்கி இறந்து இரண்டு வருடமாகிறது. கடற்கரையில் எடுத்த இந்தப் படம்தான் மிச்சம்.

டைம்லைனின் கடைசியில் ஏதாவது துண்டுக் காட்சி ஒட்டிக்கொண்டிருக்கும், எடிட் செய்கிற எல்லோரும் செய்கிற மடத்தனம்தான் என்று திட்டிக்கொண்டே இழுத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. சூடேறிய பிளாஸ்டிக் வாடை அறையெங்கும் அடிக்க, டிரைவ் உள்ளே எதையோ அரைப்பதுபோல் முனக, டிஸ்க்கின் அந்தக் கூடுதல் நிமிடத்தை ஓட்டினான். இருட்டு. பிறகு அவர்கள் வீட்டு ஹால், டீவிப் பக்கமிருந்து யாரோ எடுத்ததுபோல். நாற்காலியில் அம்மா, இன்று போர்த்தியிருக்கும் அதே பச்சைச் சால்வையில். அவளுக்குப் பின்னால், தூரத்தில், சமையலறை வாசலில் தங்கை நின்றிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தான். சமையலறை வாசலில் யாருமில்லை.

வேகத்தைக் குறைத்து மறுபடி பர்ன் செய்தான். நான்காவது டிஸ்க்கிலும் நாற்பத்து மூன்று. இப்போது தங்கை ஹாலின் நடுவில் இருந்தாள். டைம்லைனில் இல்லாததை எங்கே போய் வெட்டுவது? மேஜையில் ஓங்கிக் குத்தினான். கை வலித்ததுதான் மிச்சம்.

“வெளிச்சம் இருக்கிறப்பவே போடுடா,” என்றாள் அம்மா, குரல் உடைந்து. “இருட்டினா எனக்கு எதுவும் தெரியாது.”

நாற்பத்தொன்றில் நிறுத்திவிட்டால் போயிற்று என்று அதையே டீவியில் போட்டான்.

அம்மா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். “எப்படிச் சிரிக்கிறா பாரு, வாயாடி!” அழுதுகொண்டே சிரித்தாள். இத்தனை நாளில் அவள் சிரித்து அவன் பார்க்கவில்லை. மனம் இளகி, கடிகாரத்தைக் கவனிக்கத் தவறினான்.

நாற்பத்திரண்டு.

ரிமோட்டை அழுத்தினான். நிற்கவில்லை. மறுபடியும். இல்லை. பாய்ந்துபோய் டீவியின் வயரைப் பிடுங்கினான்.

படம் ஓடியது.

திரையில் அம்மா. நாற்காலிக்கு நேர் பின்னால் தங்கை.

திரும்பினான். நாற்காலிக்குப் பின்னால் யாருமில்லை.

திரையில் ஈரக் கைகள் இரண்டு உயர்ந்தன. மெதுவாக. அம்மாவின் கண்களைப் பொத்தின.

“ஏன்டா அணைச்சுட்டே?” என்றாள் அம்மா. “நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு.”

டீவியின் வெளிச்சம் அவள் முகத்தில் அசைந்தது. கண்கள் அகலத் திறந்தே இருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த தோல் மட்டும், விரல் விரலாக, உள்ளே அமுங்கிக்கொண்டிருந்தது.