அரைப்பேர்

ஹாலிஎலையில பஸ்ஸை விட்டு இறங்கினப்போ மத்தியானச் சோத்து நேரம். ஆனா மலையிலிருந்து பனி இறங்கி ரோட்டையே மூடியிருந்திச்சு. நான் பதுளை கோர்ட்டுல லோயர், பேரு தயானி. கட்சிக்காரங்க என்னைத் தேடி வரணுமே தவிர, நான் எவன் வீட்டு வாசலுக்கும் போறவ இல்ல. புவனேந்திரன் மட்டும் ஃபோன்ல அழுதான். "வீட்ட விட்டு வெளிய வர முடியல மேடம்" னான். சரி, தொலையுதுன்னு போனேன்.

பழைய கிளாக்கர் பங்களா ஒண்ணை வாடகைக்கு எடுத்திருந்தான். தகரக் கூரையில பனி சொட்டிக்கிட்டே இருந்திச்சு. கதவைத் திறந்ததும் பச்சைக் கொழுந்து வாசம் மூக்குல ஏறிச்சு, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குள்ள கால வச்ச மாதிரி. அந்த மலையில தேயிலையைப் புடுங்கிட்டு பைனஸ் மரம் நட்டு எத்தனையோ வருஷமாச்சு.

"கொழுந்து ஏதும் காயப்போட்டிருக்கியா?"

இல்லன்னு தலையை மட்டும் ஆட்டினான். கண்ணு ரெண்டும் தூங்காமச் செவந்து கெடந்திச்சு.

அவன் செஞ்சு வித்தது ஒரு ஆப். ஒருத்தங்க ஃபோன்ல அவங்களுக்கே தெரியாமப் போட்டுட்டா, அவங்க எங்க இருக்காங்க, என்ன பேசுறாங்க எல்லாம் வாங்கினவனுக்கு வந்திரும். பய தோட்டத்துல பொறந்தவன், அதுக்கு 'பெரட்டு'ன்னு பேரு வச்சிருந்தான். காலையில தப்பு மேளம் அடிச்சு ஆளுங்களைக் கூட்டி, பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிப்பாங்களே, அந்தப் பெரட்டு. இவன் கம்ப்யூட்டர்ல தப்புச் சத்தம் அடிக்கும், ஒவ்வொரு ஃபோனும் பதில் குடுக்கும். நாள் முழுக்கக் குடுத்தா முழுப்பேர். நடுவுல நின்னு போனா அரைப்பேர். அரைநாள் வேலைக்குப் பாதிச் சம்பளம் போடுறதைத் தோட்டத்துல அப்பிடித்தான் சொல்லுவோம். அதையே எடுத்து வச்சிருந்தான், கெட்டிக்காரன்.

அதை வாங்கினவன் ஒருத்தன், ஜெயந்தினியோட புருஷன். அடி தாங்காம அவ லுணுகலைப் பக்கம் அக்கா இருக்குற தோட்டத்துக்கு ஓடி ஒளிஞ்சு, அங்கேயே கொழுந்து எடுத்துக்கிட்டிருந்தா. தேடிப் போய் மலையில வச்சே வெட்டிப் போட்டுட்டான். நடந்தது மத்தியானம். அதனால தோட்டத்துல அன்னைக்கு அவளுக்கு அரைப்பேர்தான் போட்டாங்க. செத்தவளுக்குமா அரைப்பேருன்னு பதுளை டவுன் வரைக்கும் பேச்சு. கேட்டு எனக்கும் வயிறு எரிஞ்சிச்சு.

புருஷன், தான் அந்தப் பக்கமே போகலன்னு சாதிக்கிறான். பாத்த ஆளும் இல்ல. ஆனா அவ ஃபோன் கடைசி வரைக்கும் எல்லாத்தையும் கேட்டு, புவனேந்திரனோட கம்ப்யூட்டருக்கு அனுப்பியிருக்கு. புருஷன் குரலும் அதுல இருக்கு. அதைக் குடுத்தா அவன் மாட்டுவான். கூடவே, செஞ்சு வித்த இவனும் மாட்டுவான்.

"கத்தி செஞ்சவனையா மேடம் உள்ள போடுறாங்க? குத்தினவனைத்தானே?"

"கத்தி மரக்கறியும் நறுக்கும். ஒன் சாமானை வேற எதுக்குடா பாவிக்கிறது? இந்த மாதிரி ஒண்ணைச் செஞ்சு விக்கிறதே குற்றம். எவன் பாவிச்சாங்கிறது அதுக்கப்புறம்."

முகம் செத்துப் போச்சு. பாக்கப் பாவமாவும் இருந்திச்சு. அதான் வாயை விட்டுட்டேன்.

"பயப்படாத. நான் பேசுற விதமாப் பேசி, ஒனக்கு அரைப்பேரோட முடிச்சிர்றேன்."

தப்புச் சத்தம் கேட்டிச்சு.

கம்ப்யூட்டர்லதான். மெதுவா, ஒரே தாளத்துல, ஈரத் தோலுல அடிக்கிற மாதிரி.

"ஆப்புல இருந்து எல்லா ஃபோனையும் கழட்டிட்டேன் மேடம்," குசுகுசுன்னு சொன்னான். "இது மட்டும் நிக்க மாட்டேங்குது."

திரையில இருந்த பேரெல்லாம் செவப்பு. ஒண்ணு மட்டும் பச்சை. ஜெயந்தினி.

அந்த ஃபோன் பொலிஸ்ல சீல் வச்ச பைக்குள்ள கெடக்கு. நானே பாத்திருக்கேன், கத்தி பட்டு நடுவுல பொளந்து போன ஃபோன் அது.

"எங்க இருக்குறதாக் காட்டுது?"

"முந்தாநேத்து லுணுகலை. நேத்து பதுளை. இப்ப..."

அவன் சொல்லி முடிக்கல. பின்வாசல் பக்கம் சொட்டு சொட்டா ஒரு சத்தம். கொழுந்து எடுக்குறவங்க இடுப்புல கட்டுற படங்கு நனைஞ்சா அப்பிடித்தான் சொட்டும்.

ஸ்பீக்கர்ல ஒரு பொம்பளைக் குரல். கோவம் இல்ல, அழுகை இல்ல. நிறுவையில கொறைச்சுட்டாங்கன்னு கணக்கப்பிள்ளைகிட்டக் கேக்குற, களைச்சுப் போன குரல்.

"அரைப்பேரா போடுறீங்க?"



அவன் மவுஸைப் புடிச்சிட்டான். "எல்லாத்தையும் அழிச்சிரவா மேடம்? அழிச்சா போயிருவாதானே?"

வேணாம்டான்னு சொல்லியிருக்கணும். அவளுக்கு இருந்த ஒரே சாட்சி அது. அது தெரியாத லோயரா நான்? "நான் ஒண்ணும் பாக்கல, வெளிய நிக்கிறேன்" னுட்டு, பையைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்துட்டேன். உள்ளுக்கு ஒரு சின்னக் கிளிக். கொழுந்து வாசம் பட்டுன்னு நின்னு போச்சு. நானும் திரும்பிப் பாக்காம பஸ் ஏறிட்டேன்.

ஜெயந்தினி கேஸோட அடுத்த தவணைக்கு, அந்த ஆப்பைப் பத்தி விசாரிக்கப் புவனேந்திரனையும் வரச் சொல்லியிருந்தாங்க. அன்னைக்கு பதுளையில நல்ல வெயில். கோர்ட் முதலியார் புவனேந்திரன் பேரைக் கூப்பிட்டாரு. யாரும் வரல. ரெண்டாந்தரமும் கூப்பிட்டாரு. மூணாந்தரமும் கூப்பிட்டுட்டு என்னைப் பாத்தாரு.

நீதவான் நிமிர்ந்தாரு. "எங்கம்மா உங்க கட்சிக்காரர்?"

நான் எந்திரிச்சேன். என் கைப்பைக்குள்ள தப்படிச்சிச்சு.

கோர்ட்டுக்குள்ள போகும்போதே ஃபோனை அணைச்சிருந்தேன். சத்தியமா அணைச்சிருந்தேன்.

"வந்துட்டேன்."

புவனேந்திரனோட குரல். பின்னால தேயிலைச் செடியில மழை விழுற சத்தம். அதுக்கும் பின்னால, யாரோ ஈரப் படங்கை உதறுறாங்க.

கோர்ட்டே என்னைத் திரும்பிப் பாத்திச்சு. பச்சைக் கொழுந்து வாசம் எனக்கு மட்டுமில்ல, பக்கத்துல இருந்த கான்ஸ்டபிளும் மூக்கைத் தடவிக்கிட்டாரு. ஃபோனை வெளிய எடுத்தேன், திரையில அந்தப் பெரட்டு ஆப். மூணு பேரு. மூணும் பச்சை.

ஜெயந்தினி, முழுப்பேர்.

புவனேந்திரன், முழுப்பேர்.

கடைசியில தயானி. எனக்கு நேரா அரைப்பேர்னு இருந்திச்சு.

மிச்ச அரைநாள் இன்னும் கெடக்கு.