சம்பந்தி நீட்டிய தீக்குச்சி

காபி டம்ளர் சுவரில் மோதி உருண்டு வந்து சௌந்திரத்தின் காலடியில் நின்றது.

"இது காப்பியா? கழுநித்தண்ணி! மனுசன் வாயில வெப்பானா இதை?"

சின்னுசாமியின் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். சௌந்திரம் கந்தல் துணியை எடுத்து வந்து தரையைத் துடைத்தாள். காபியில் ஒரு குறையும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் குடிக்கிற அதே காபிதான். குடித்த கையோடு ஒரு பீடி பற்ற வைக்க முடியவில்லை... அதுதான் சங்கதி. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

தெரியாதவள் பாப்பாயிதான். சின்னுசாமியின் அக்கா. தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். புருசன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். டம்ளர் சத்தம் கேட்டு அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள்.

"ஏம்புள்ள, ஒரு கட்டு பீடி வாங்கிக் குடுத்தா உன்ற சொத்தா கொறைஞ்சு போவுது? ரிக்கு லாரியில ஊரூராப் போயி, போர் போட்டுப் புழுதி தின்னு சம்பாரிச்சவன்... மழைக்கு வேலையில்லாம நாலு நாள் ஊட்டுல குந்தறதுக்குள்ள இத்தனை அதிகாரமா?"

"அதில்லீங்க நங்கையா..." என்று நாத்தனாரிடம் இழுத்தாள்.

"என்ன அதில்லீங்க? வண்டிச் சாவியை ஒளிச்சு வெக்கறே. சட்டைப் பையைத் தடவிப் பாக்கறே. கடைக்காரன் வீரபாகு கிட்டப் போயி, எம் புருசனுக்குப் பீடி குடுக்காதேன்னு சொல்லிட்டு வந்திருக்கே! ஊரே சிரிக்குது சாமி! புருசனை இப்படி முந்தானையில முடிஞ்சு வெச்சவளை நான் பாத்ததே இல்ல."

வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சின்னுசாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். 'அவளை ஒண்ணும் சொல்லாதே அக்கா' என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. டம்ளர் பட்டிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஆடி மாதக் கடைசியில் வடக்கே ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வேலை முடிந்து வந்த மனிதர், பஸ் இறங்கி வீட்டுக்கு நடந்து வருவதற்குள் பலமுறை நின்று நின்று வந்தார். கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கிறது என்றார். கட்டைவிரல் நுனி கறுத்திருந்தது. ஏதோ இரும்பு விழுந்திருக்கும் என்று இருவரும் சேலத்துக்குப் போனார்கள். டாக்டர் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எத்தனை வருசமாகப் பீடி என்றுதான் முதலில் கேட்டார். புகை காலின் ரத்தக் குழாய்களையெல்லாம் சுருக்கிவிட்டது, ரத்தம் இறங்கவில்லை, இன்றோடு விட்டால் கால் பிழைக்கும் என்றார்.

"கொஞ்சங் கொஞ்சமாக் கொறைச்சுக்கறனுங்க..."

"குறைக்கிற கதையே இல்லை. ஒண்ணுகூடக் கூடாது. மறுபடி ஆரம்பிச்சா முதல்ல விரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால். உங்க இஷ்டம்."

திரும்பி வரும் பஸ்ஸில் இடுப்பிலிருந்த பீடிக்கட்டை ஜன்னல் வழியாக வீசினார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்து எத்தனையோ காலமாகியிருந்தது.

"சௌந்திரம்... நான் கெஞ்சுனாலும் குடுக்காதே. அடிச்சாலும் குடுக்காதே. ஆனா ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. புள்ளைக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கறோம். அப்பனுக்குக் கால் அழுகுதுன்னா எவன் வருவான்? அக்காகிட்டச் சொன்னா அழுது ஊரைக் கூட்டிப்போடும். தனப்பிரியா மேல சத்தியம் பண்ணு."

பெற்ற மகள் மேல் சத்தியம் பண்ணினாள்.

சத்தியம் வாங்கிய சின்னுசாமி அந்தப் பஸ்ஸோடு போய்விட்டார். வீட்டுக்கு வந்தது வேறு ஒரு சின்னுசாமி. இந்த மனிதருக்குக் கை நடுங்கியது, உடம்பு வேர்த்தது, சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தார். விரல்களை மூக்கில் வைத்துப் பழைய வாசனை இருக்கிறதா என்று மோந்து பார்த்தார். கிராம்பைக் கொடுத்தால் துப்பினார். சாப்பிட்டு முடித்த நேரம்தான் எமகண்டம். தட்டைக் கழுவ அவள் எழுந்தாலே பின்னாடி வந்து நிற்பார்.

"பாதி குடு... ரெண்டே இழுப்பு. ஒரு இழுப்புல காலா போயிரும்?"

"என்கிட்ட இல்லீங்க."

"இல்லீங்க, இல்லீங்க! உங்கொப்பன் ஊட்டுக்குப் போயிரு. உன்ற மூஞ்சியப் பாத்தாலே எரியுது."

தினமும் மாலையில் அறைக் கதவைச் சாத்திவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அவர் காலைக் கழுவி, ஈரம் ஒற்றி, மருந்து தடவி விடுவாள். அந்த நேரத்தில் மட்டும் பழைய மனிதர் திரும்பி வந்து அவள் தலையைத் தொடுவார். வெளியே பாப்பாயி முற்றத்துக் கோழியிடம் சொல்வாள்: "வயசுக்கு வந்த புள்ளை இருக்கற ஊட்டுல, பொழுது சாயறதுக்குள்ள கதவைச் சாத்திக்கறாங்க. வெக்கங்கெட்ட பொழப்பு!" சௌந்திரம் அதையும் விழுங்கினாள்.

ஒருநாள் அவளே தோற்றுப்போனாள். அவர் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி தேம்பி அழுதார். அவளால் தாங்க முடியவில்லை. கால் போனால் போகட்டும், மனுசன் நிம்மதியாகவாவது இருக்கட்டும் என்று வீரபாகு கடைக்கு நடந்துவிட்டாள். "என்ன வேணுமுங்கக்கா?" என்று அவன் கேட்டபோது வாய் வரைக்கும் வந்தது. கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பினாள். வழியெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள்.

இதற்கு நடுவில்தான் வரன் கூடி வந்தது. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்காரர் குமாரசாமியின் மகன் வளவன். பையனுக்கும் தனப்பிரியாவுக்கும் மனசுக்குப் பிடித்துவிட்டது. நிச்சயம் பெண் வீட்டில். காலையில் சின்னுசாமி காலுறை மாட்டிக்கொண்டார். வீட்டுக்குள் எதற்கு என்று கேட்டவர்களிடம் சேற்றுப்புண் என்றார்.

சௌந்திரம் அடுப்படியை விட்டு நகரவில்லை. சபையை ஜோடித்ததெல்லாம் பாப்பாயி. குமாரசாமி வீட்டு வழக்கம் ஒன்றை அவள் விசாரித்து வைத்திருந்தாள். பேச்சு முடிந்து தட்டு மாற்றியதும், சம்பந்திகள் இருவரும் ஒரே தீக்குச்சியில் சிகரெட் பற்ற வைக்க வேண்டும். ஒரே நெருப்பு, இனி ஒரே குடும்பம் என்று அர்த்தமாம். வெற்றிலை பாக்குத் தாம்பாளத்தில் சிகரெட் பெட்டியையும் தீப்பெட்டியையும் பாப்பாயி பெருமையோடு வைத்தாள். தம்பிக்கு இன்றைக்காவது ஒன்று கிடைக்கட்டும் என்கிற பாசமும் அதில் இருந்தது.

பாயச டம்ளர்களோடு சௌந்திரம் கூடத்துக்கு வந்தபோது தீக்குச்சி எரிந்துகொண்டிருந்தது. குமாரசாமி தன்னுடையதைப் பற்ற வைத்துவிட்டு, காற்றுப் படாமல் கையைக் குவித்து, சின்னுசாமியின் முகத்துக்கு நேராக நீட்டினார். சின்னுசாமியின் உதட்டில் சிகரெட். அவள் அவர் கண்ணைத்தான் பார்த்தாள். சபைக்காகச் சங்கடப்படுகிற கண்ணாக அது இல்லை. பசித்தவன் இலையைப் பார்க்கிற கண்... அவர் குனிந்துவிட்டார்!

தட்டைக் கீழே வைத்தாளா, போட்டாளா என்று அவளுக்கே தெரியாது. இரண்டே எட்டில் போய் அந்தத் தீக்குச்சியை வாயால் ஊதி அணைத்துவிட்டாள்.

கூடத்தில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"அடிப்பாவி!" பாப்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். "நல்ல நேரத்துல நெருப்பை ஊதி அணைச்சுட்டாளே! பெத்த புள்ள வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டாளே! உனக்குப் பித்தா புடிச்சிருக்குது?"

குமாரசாமியின் முகம் சிறுத்துவிட்டது. அவருடைய பங்காளிகளில் இருவர் எழுந்தே நின்றார்கள். தனப்பிரியா பட்டுச்சேலையோடு கதவருகில் நின்று, "ஏம்மா... ஏம்மா இப்படிப் பண்ணுனே?" என்று அழுதாள். சௌந்திரம் புருசனைப் பார்த்தாள். இப்போதாவது சொல்வாரா?

"உள்ள போடி!" என்றார் சின்னுசாமி.

போய்விட்டாள். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அலுப்பாக இருந்தது. ஒரு குச்சியை அணைத்தாகிவிட்டது. பெட்டி நிறைய குச்சி இருக்கிறது. எத்தனையை அணைப்பது? யாருக்காக? இனி நான் வரமாட்டேன் சாமி... பற்ற வைக்கிறவர் வைத்துக்கொள்ளட்டும். கூடத்தில் யாரோ சமாதானம் பேசுவது கேட்டது. "பொம்பளைங்களுக்கு வெவரம் தெரியாதுங்க... நீங்க பத்த வைங்க சம்பந்தி." அடுத்து தீக்குச்சி உரசுகிற சத்தம்! சௌந்திரம் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"வேண்டாமுங்க சம்பந்தி."

புருசனின் குரல்தான். நடுங்கியது, ஆனால் சபை முழுக்கக் கேட்டது.

"வேண்டாமுங்க. எனக்கு வேணும்... இப்பக்கூட நாக்கெல்லாம் ஊறுது, பொய் சொல்லலை. ஆனா வேண்டாமுங்க." காலுறையை உருவினார். கறுத்த விரலைப் பார்த்து முன்னால் இருந்தவர்கள் பின்வாங்கினார்கள். "இன்னொண்ணு குடிச்சா இந்தக் கால் போயிருமுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னு புள்ளை மேல சத்தியம் வாங்குனது நானுங்க. அத்தனை ஏச்சும் பேச்சும் அவ தலையில உழுந்துச்சு. நான் பாத்துட்டுச் சும்மா குந்தியிருந்தேன். இப்பக்கூட அவளைத்தான் உள்ள போகச் சொன்னேன்... நான் மனுசனே இல்லீங்க! இதுக்காக இந்தச் சம்பந்தம் வேண்டாமுன்னா, அதை என்கிட்டச் சொல்லுங்க. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

குச்சி தன் விரலைச் சுட்டதும் குமாரசாமி உதறிவிட்டார்.

"மறைச்சது தப்புதானுங்க," என்றார் கறாராக. பிறகு மூச்சை இழுத்து விட்டார். "ஆனா நான் பொண்ணைக் கேட்டுத்தான் வந்தேன், உங்க காலைக் கேட்டு வரலீங்க. ரெண்டு பேரும் ஒரே வெத்தலையைக் கிழிச்சுப் போட்டுக்கலாம், எடுங்க. நெருப்பை அணைச்ச அந்த அம்மாவைக் கூப்புடுங்க... அவங்க கையால பாயசம் குடுக்கட்டும்."

பாயசம் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சிரித்துவிட்டார்கள்.

பாப்பாயி சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். வந்தவள் சௌந்திரத்தின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கன்னத்தில் அறைந்துகொண்டாள்.

"என்னைய அடி சாமி... நான் வளத்த புள்ளைக்கு நானே தட்டுல வெச்சுக் குடுத்தனே! நீ கதவைச் சாத்திக்கறேன்னு சொன்னனே... அவன் காலையா பாத்துட்டு இருந்தே கண்ணு? எல்லாத்தையும் கேட்டுட்டு வாயைத் தொறக்காம இருந்தியே!"

"உடுங்க நங்கையா... உடுங்க..." என்றவள் அதற்குமேல் பேச முடியாமல் அந்தத் தோளில் சாய்ந்துவிட்டாள். இத்தனை நாள் அடக்கிய அழுகை வயிற்றிலிருந்து வந்தது. தனப்பிரியா ஓடி வந்து பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

சின்னுசாமி அடுப்படி வாசற்படியில் வந்து நின்றார். "சௌந்திரம்..."

அவள் தலையைத் திருப்பவில்லை. "உங்க மேல கோவமில்லீங்க. ஆனா அலுத்துப்போச்சு. இனிமே என்கிட்டப் பீடி கேக்காதீங்க. இல்லைன்னு சொல்ல என்ற ஒடம்புல தெம்பு இல்லை."

அவர் தலை குனிந்தது. பாப்பாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நீ போயிப் படு கண்ணு. பந்தியை நான் பாத்துக்கறேன். அவனையும் நான் பாத்துக்கறேன்."

வீடு நிறைய விருந்தாளிகள் இருக்க, பட்டப்பகலில், சௌந்திரம் உள்ளறையில் வெறுந்தரையில் படுத்தாள். இலை போடுகிற சத்தம், சாம்பாருக்குக் கூப்பிடுகிற சத்தம், எழுந்து கை கழுவுகிற சத்தம்... ஒவ்வொன்றாகத் தூரத்தில் கேட்டது. சாப்பிட்டு முடித்த நேரம். அவள் உடம்பு பழக்கத்தில் விறைத்தது.

அடுத்த அறையில் சின்னுசாமியின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"அக்கா... ஒண்ணே ஒண்ணு..."

"இல்லை," என்றாள் பாப்பாயி. "வாயை மூடிட்டு மோரைக் குடி."

சௌந்திரம் புரண்டு படுத்துத் தூங்கிப்போனாள்.