ஹாரன் அடிச்சேன் சார்

கிட்ட வாங்க, கண்ணுங்களா. இன்னும் கொஞ்சம் கிட்ட. ஃபேன் சத்தத்துல என் குரல் கரைஞ்சிடும். கையில இருக்கிற போனையெல்லாம் கவுத்து வச்சிடுங்க. இன்னைக்கு உங்களுக்கு ஒரு கதை சொல்றேன். பாழடைஞ்ச பங்களா கதை இல்லை, புளியமரத்துக் கதையும் இல்லை. நீங்க தினம் காலையில செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கிப் போறீங்களே, அது மாதிரி ஒரு அபார்ட்மென்ட் வாசல்ல நடந்தது. பயம் வந்தா பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிச்சுக்கலாம். பிடிச்ச கை யாரோடதுன்னு மட்டும் ஒரு தரம் பார்த்துக்கங்க.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலைத் தாண்டி, வேளச்சேரி ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு குறுக்குத் தெரு. அதன் நடுவில் மகிழம் என்கிளேவ். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில், ஷ்யாம்சுந்தர் ஒர்க்‌ஷாப்பில் இருந்து தன் காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். முன்பக்கம் புது பம்பர், புது பெயின்ட். வழியில் கோயிலில் நிறுத்தி, காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கியாகிவிட்டது. மனசு லேசாகத்தான் இருந்தது அவருக்கு.

அந்த வாசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். அங்கே கார்கள் எல்லாம் தரைக்கு அடியில். கீழே இருந்து ஒரு சரிவு செங்குத்தாக ஏறி வந்து, நேராகத் தெருவில் வாயைத் திறக்கும். இரண்டு பக்கமும் ஆளுயரச் சுவர். ஏறி வருகிற காருக்கு நடக்கிற ஆள் தெரியாது, நடக்கிற ஆளுக்குக் கார் தெரியாது. கட்டினவன் புத்தியோடுதான் கட்டியிருந்தான். நடந்து போகிறவர்களுக்கென்று பக்கத்திலேயே ஒரு சின்ன கேட்டும், அதுக்கு ஒரு நடைபாதையும் விட்டிருந்தான்.

அந்த நடைபாதையில் ஷ்யாம்சுந்தரின் இரண்டாவது கார் நின்றது.

அசோசியேஷன் செக்ரட்டரி அவர்தானே, யார் கேட்பது? சின்ன கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார். அன்றிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய் வாங்கப் போகிறவர்கள், வயசானவர்கள், எல்லாரும் கார் ஏறி வருகிற வாயைக் குறுக்கே கடந்துதான் தெருவுக்குப் போனார்கள்.

ஒருத்தர் கேட்டார். இரண்டாவது மாடி அமலராணி டீச்சர். பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவர், சர்ச்சில் கொயரை, அதான் பாட்டுக்குழுவை, நடத்துகிறவர். மீட்டிங்கில் எழுந்து நின்று கேட்டார்.

"செக்ரட்டரி சார், அந்தச் சின்ன கேட்டைத் திறந்து விடுங்க. முடியலைன்னா முனையில ஒரு பெரிய ரவுண்டு கண்ணாடியாவது மாட்டுங்க. மேல ஏறி வர்ற இடத்துல ஒரு ஸ்பீட் பிரேக்கர் போடுங்க. குழந்தைங்க நடக்கிற இடம் சார்."

"கண்ணாடி எதுக்கு டீச்சர்? சர்ச்சுக்குப் போறப்ப தலை சீவிக்கவா?" என்றார் ஷ்யாம்சுந்தர்.

எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாவது மாடி சேட்டு தொடையைத் தட்டிச் சிரித்தார். டீச்சர் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளைப் புடவையில், பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு டீச்சர் அந்த வாயைக் கடக்கும்போது, ஷ்யாம்சுந்தரின் கார் ஒரே மூச்சில் மேலே ஏறி வந்தது.

விசாரிக்க வந்தவர்களிடம் அவர் சொன்னது இதுதான்: "ஹாரன் அடிச்சேன் சார். விடாம அடிச்சேன். அந்தம்மாவுக்குக் காது சரியா கேக்காது."

"ஆமா சார், ஹாரன் சத்தம் எனக்கே மேல கேட்டுது," என்றார் சேட்டு.

டீச்சரின் புருஷன் லாசரஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "அவளுக்கா தம்பி காது கேக்காது? கொயர்ல கடைசி வரிசைப் பையன் ஒரு நூல் சுருதி இறங்கினாலே திரும்பிப் பார்ப்பாளே," என்றார். ஆனாலும் செத்தவர் மேல்தான் கவனக்குறைவு என்று ஆகிப்போனது.

ஷ்யாம்சுந்தர் ஹாரனைத் தொடவே இல்லை, கண்ணுங்களா. அது அவருக்குத் தெரியும். இன்னொருத்தருக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். காரைக் கீழே இறக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். நிலவறையில் ஈரச் சிமெண்ட்டும் பழைய ஆயிலும் கலந்த வாடை எப்போதும் இருக்கும். அன்றைக்கு அதற்கு மேலே இன்னொரு வாசனை.

அந்துருண்டை.

பீரோவில் மடித்து வைத்து, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுத்துக் கட்டுகிற புடவையின் வாசனை. திரும்பிப் பார்த்தார். தூண்கள்தான் நின்றன. லிஃப்டுக்கு நடக்கும்போது இரண்டு காதும் ஒரே நேரத்தில் சில்லிட்டன. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த பாட்டிலை ஒற்றினது போல. 'ஏசியில வந்தது,' என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சரிவில் ஏறும்போது, என்னவோ தோன்றி ஹாரனை அழுத்தினார். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினார். இல்லை. வாட்ச்மேன் சிட்டிபாபு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தான்.

"இன்னா சார் இது, காலங்காத்தால பேஜார் பண்ணிகினு கீறே? தெருவே எந்திரிச்சு நிக்குது!"

"ஹாரன் ரிப்பேர்பா. சத்தமே வரலை."

"வரலியா? என் காது கிழிஞ்சி தொங்குது சார்!"

ஜிஎஸ்டி ரோட்டில் போகும்போதுதான் அவருக்குப் புரிந்தது. பின்னால் ஒரு பஸ் கண்ணாடி நிறைய வந்து நின்றது. டிரைவர் வாயைத் திறந்து திட்டுகிறான், கை ஹாரனை அமுக்குகிறது. சத்தம் மட்டும் இல்லை. ஆனால் காக்கா கத்துவது கேட்டது. பூக்காரி கூப்பிடுவது கேட்டது. உலகத்துச் சத்தமெல்லாம் இருந்தது, ஹாரன் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஓட்டை விழுந்திருந்தது.

தாம்பரத்தில் காது டாக்டரிடம் போனார். மெஷின் வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க காது சின்னப் பையன் காது மாதிரி இருக்கு சார், போய்ட்டு வாங்க," என்று அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நாளில் அந்த ஓட்டைக்குள் ஏதோ கேட்க ஆரம்பித்தது. யாராவது ஹாரன் அடிக்கும் போதெல்லாம், அவர் காதோடு காதாக, உதட்டை மூடிக்கொண்டு ஒரு பெண்குரல்.

"ம்ம்ம்ம்..."

பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் பிள்ளைகளுக்குச் சுருதி கொடுப்பது போல.

அதற்கப்புறம் அவர் காரைத் தொடவில்லை. நடந்தே போனார், நடந்தே வந்தார். மற்றவர்களைப் போல அவரும் அந்த வாயைக் கடக்க வேண்டியதாயிற்று. மனைவி ஸ்ரீவித்யா ராத்திரிச் சாப்பாட்டின்போது மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு மனசே சரியில்லைங்க. தீபா தினம் அந்த வழியாத்தான் ஸ்கூல் வேனுக்குப் போறா. அந்தச் சின்ன கேட்டைத் திறந்துடுங்களேன்."

"இப்பத் திறந்தா தப்பு என் மேலன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இது திருஷ்டி வித்யா. கழிச்சுட்டாச் சரியாப் போயிடும்."

பார்த்தீங்களா? ஒரு பூட்டைத் திறப்பதற்குப் பதிலாக ஒரு பூசணிக்காயை வாங்கினார் மனுஷன்.

அமாவாசை அன்று பொழுது சாய்கிற நேரம். பூசணிக்காயில் துளை போட்டு, குங்குமமும் சுண்ணாம்பும் கரைத்து ஊற்றி, மேலே கற்பூரம் ஏற்றி, சரிவின் வாயில் நின்று சுற்றினார்கள். ஓங்கிப் போட்டார்கள். சிவப்புத் தண்ணீர் வாசல் முழுக்கத் தெறித்தது. அதே இடம். அதே நிறம்.

சிட்டிபாபு துடைப்பத்தோடு வந்தான். "வழுக்கும் சார். ஓரமா தள்ளிடட்டா?"

"தொடாதேடா! கழிப்பு அது. தொட்டா தொட்டவங்களைப் பிடிக்கும்."

அவன் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் போனான். பூசணித் துண்டுகள் அங்கேயே கிடந்தன.

விடிந்தது. தீபாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஷ்யாம்சுந்தர் இறங்கி வந்தார். முதுகில் புத்தகப் பை, இரட்டைப் பின்னல், ஒரு கையில் தண்ணீர் பாட்டில். வாசலுக்கு வந்ததும் அவர் நின்று காது கொடுத்துக் கேட்டார். எங்கேயோ குக்கர் விசில். தூரத்தில் மின்சார ரயில் ஓடுகிற தடதடப்பு. வேறெதுவும் இல்லை.

"வா கண்ணா," என்று காலை எடுத்து வைத்தார்.

அந்துருண்டை வாசனை.

மூக்குக்கு வெகு பக்கத்தில்.

இரண்டு காதும் சில்லிட்டன.

"ம்ம்ம்ம்..."

தீபா வாயைத் திறந்து ஏதோ சொன்னபடி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் நகரவில்லை. அவள் இன்னும் பலமாக இழுத்தாள். பூசணிச் சதையில் கால் வழுக்கியது. பிடித்திருந்த கை நழுவியது.

குழந்தை விழுந்தது.

சரிவுக்குள்ளிருந்து சேட்டுவின் கார் ஏறி வந்தது.

டயர் தேய்கிற கிறீச்சலைத்தான் அவர் கேட்டார். திரும்பினால், புகைகிற டயருக்கும் தீபாவின் பின்னலுக்கும் நடுவே ஒரு ரிப்பன் அகலம்.

சேட்டு கதவைத் திறந்துகொண்டு கத்தினார். "யோவ் செக்ரட்டரி! கீழேர்ந்தே அடிச்சுக்கிட்டு வர்றேன், அவ்ளோ ஹாரன்! காது கேக்காதா உனக்கு?"

ஷ்யாம்சுந்தர் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். சோஃபாவில் வைத்து, கையைத் தடவி, காலைத் தடவி, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

"அப்பா, நான் கூப்பிட்டேன்ல? ஏன்பா நகரல?" என்றாள் தீபா.

"கேக்கலைம்மா. அப்பாவுக்குக் கேக்கலை."

"எப்படிக் கேக்கும்? டீச்சர் பாட்டிதான் பின்னாடி நின்னு உங்க காது ரெண்டையும் பொத்திக்கிட்டு இருந்தாங்களே."

ஸ்ரீவித்யாவின் கையில் இருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

"பாட்டி... கோவமா இருந்தாங்களாம்மா?" என்று கேட்டாள்.

குழந்தை யோசித்தது. "இல்லைம்மா. சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க."

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. இரண்டாவது மாடிக்கு ஓடினார். லாசரஸ் கதவைத் திறந்தார். ஷ்யாம்சுந்தர் வாசற்படியிலேயே மண்டி போட்டுவிட்டார்.

"ஐயா, நான் ஹாரன் அடிக்கலை. பொய் சொன்னேன். டீச்சரை என் குழந்தையை விட்டுடச் சொல்லுங்கய்யா."

லாசரஸ் குனிந்து அவர் தோளைத் தொட்டார். "நான் ஜெபத்துல உங்களை எப்பவோ மன்னிச்சுட்டேன் தம்பி. மன்னிக்காம எனக்குத் தூக்கம் வராது. ஆனா அவளுக்கு நான் ஜாமீன் சொல்ல முடியாது. அவ கிளாஸ்ல தப்பாப் பாடினவன், அத்தனை பேர் முன்னாடி திரும்பச் சரியாப் பாடுற வரைக்கும் உட்கார விட மாட்டா."

அன்று சாயங்காலமே ஷ்யாம்சுந்தர் எல்லாரையும் கூட்டினார். எழுந்து நின்று சொன்னார்: "அன்னைக்கு நான் ஹாரன் அடிக்கலை. டீச்சருக்குக் காது நல்லாக் கேட்டுது. வழியை அடைச்சவன் நான். இடிச்சவனும் நான்."

அவர் வாயை மூடுவதற்குள், தெருவில் போன ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்தது. காதுக்குள் ஆணி இறங்கினது போல அது கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அவர் நின்ற இடத்திலேயே விம்மி விம்மி அழுதார்.

மறுநாள் காலை போலீஸுக்குப் போய் உள்ளதைச் சொன்னார். கேஸ் மறுபடி திறந்தது, இன்னும் நடக்கிறது. ஜெயிலுக்குப் போக வேண்டி வந்தாலும் போகிறேன் என்றிருக்கிறார். இரண்டாவது கார் கிளம்பிப் போயிற்று. பூட்டு உடைந்தது, சின்ன கேட்டு திறந்தது. சரிவின் முனையில் பெரிய ரவுண்டு கண்ணாடி, மேலே ஏறுகிற இடத்தில் மஞ்சள் கோடு போட்ட ஸ்பீட் பிரேக்கர். கார் கார் வழியில், மனுஷர் மனுஷர் வழியில். குழந்தைகள் கைவீசிக்கொண்டு போகிறார்கள்.

சேட்டுவிடமும் ஷ்யாம்சுந்தர் போய்க் கெஞ்சினார். "நீயும் வந்து சொல்லிடு சேட்டு. நீ கேக்கலைன்னு சொல்லிடு."

"போய்யா. உனக்குக் கிறுக்குப் பிடிச்சா நானும் கோர்ட் படி ஏறணுமா?" என்று கதவைச் சாத்தினார் சேட்டு.

போன மாசம் ஒரு நாள் சாயங்காலம். ஷ்யாம்சுந்தர் தீபாவை அழைத்துக்கொண்டு சின்ன கேட்டு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தார். சேட்டுவின் கார் சரிவில் ஏறி, ஸ்பீட் பிரேக்கரில் வந்து நின்றது. ஹாரன் அலறியது. விடவே இல்லை. மரத்தில் அடைந்த காக்காய்கள் எல்லாம் எழும்பிவிட்டன. சேட்டு கண்ணாடியை இறக்கி, சுண்டு விரலால் காதைக் குடைந்துகொண்டே கத்தினார்.

"சிட்டிபாபு! டேய், வந்து பாருடா! என் ஹாரன்ல சத்தமே வரலை!"

அந்தத் திறந்த ஜன்னல் வழியாக அந்துருண்டை வாசனை வந்தது.

தீபா நின்றாள். அப்பாவின் கையை விட்டாள். காலை ஒட்டி வைத்து, யாருமில்லாத பின் சீட்டைப் பார்த்து, வகுப்பில் பிள்ளைகள் இழுத்துச் சொல்வார்களே, அதே ராகத்தில் சொன்னாள்.

"குட் ஈவ்னிங், டீச்சர்..."

அவ்வளவுதான் கண்ணுங்களா, கதை முடிஞ்சுது. போய்ப் படுங்க. உங்க வீட்டுல இருந்து காலையில போற கால் எல்லாம் சாயங்காலம் போன மாதிரியே திரும்பி வரட்டும். உங்க வாசல்ல நடக்கிறவங்களுக்கு வழி இருக்கட்டும், வண்டி ஓட்டுறவங்களுக்குப் பொறுமை இருக்கட்டும். உங்க பிள்ளைங்க கூப்பிட்டா உங்க காதுக்குக் கேக்கட்டும். குடும்பத்தோட நல்லா இருங்க, என் தங்கங்களா.